அரபியின் ஒருமை மூவிடப்பெயர்கள்: ஐந்தும் மனப்பாடம், வாக்கியத்தில்தான் காணவில்லை

குடியாத்தம் செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சொந்த ஊர் குடியாத்தம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சவுதி அரேபியாவில் பணியில் சேர்வதற்கான ஏற்பாடுகள் நடந்துவருவதால், இரவுப்பணி இல்லாத நாள்களில் அரபி படித்துவருகிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது. இப்போது ஒருமை மூவிடப்பெயர்களில் வந்து நிற்கிறேன்.

‘அன’ என்றால் நான். ஆணிடம் பேசும்போது நீ என்பதற்கு ‘அன்த்த’, பெண்ணிடம் பேசும்போது ‘அன்த்தி’. அவன் ‘ஹுவ’, அவள் ‘ஹிய’. இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் பாடப்புத்தகத்தின் உரையாடல் பகுதிக்குள் நுழைந்தால், இவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ‘உன் பெயர் என்ன’ என்பதற்கு ‘மா இஸ்முக்க’ என்று போட்டிருக்கிறார்கள். அதில் ‘அன்த்த’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. ‘மருந்தைக் குடித்தாயா’ என்ற கேள்வியிலும் ‘அன்த்த’ இல்லை. அப்படியானால் நான் படித்த ஐந்து சொற்களும் எதற்குப் பயன்படுகின்றன?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரின் கட்டிலருகே நின்றுகொண்டு அவரை ‘அன்த்த’ என்று ஒருமையில் அழைப்பதை நினைத்தாலே நாக்குக் கூசுகிறது. நம்முடைய ‘நீங்கள்’ போல ஒருவரையே மரியாதையாகக் குறிக்கும் சொல் அரபியில் உண்டா? அடுத்ததாக, ‘அது’ என்பதற்கு அட்டவணையில் இடமே காணோம். ஊசி, மாத்திரை, கட்டில், அறை ஆகியவற்றையெல்லாம் எப்படிச் சுட்டுவது? ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வரும் நோயாளிகளிடம் பேசிப் பழகியதில் எனக்கு ஓரளவு உருது தெரியும். அது இங்கே கைகொடுக்குமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேல்விஷாரம் ஆசிரியர் எழுதியது:

சகோதரிக்கு, நீங்கள் படித்தது பாதிப் பாடம். மீதிப் பாதியை உங்கள் புத்தகம் வேறொரு பக்கத்தில் வைத்திருக்கக்கூடும். அரபி இலக்கணத்தில் மூவிடப்பெயர் ‘ளமீர்’ எனப்படும். தனித்து நிற்பது ‘முன்ஃபஸில்’, மற்றொரு சொல்லின் வாலாக ஒட்டிக்கொண்டு வருவது ‘முத்தஸில்’. உங்களுக்கு மனப்பாடமான ஐந்தும் தனித்து நிற்பவை. இவற்றின் முதன்மையான வேலை, வினைச்சொல் இல்லாத வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது. ‘அன முமர்ரிளா’ என்றால் நான் செவிலி. ‘ஹுவ மரீள்’ என்றால் அவர் நோயாளி. ‘ஹிய தபீபா’ என்றால் அவர் பெண் மருத்துவர். தமிழைப் போலவே இங்கும் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்தால் வாக்கியம் முடிந்துவிடுகிறது என்பதால், ஆங்கில வழியில் அரபி கற்பவர்கள் தடுமாறும் இந்த இடத்தில் உங்களுக்குச் சிரமமே இருக்காது.

இனி ஒட்டி வரும் ஐந்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், நாள்தோறும் புழங்குபவை இவைதாம். பெயர் என்ற பொருள்தரும் ‘இஸ்ம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இஸ்மீ’ என் பெயர். ‘இஸ்முக்க’ ஆணிடம் உன் பெயர். ‘இஸ்முக்கி’ பெண்ணிடம் உன் பெயர். ‘இஸ்முஹு’ அவன் பெயர். ‘இஸ்முஹா’ அவள் பெயர். ஆக, ஈ, க, கி, ஹு, ஹா என்பவையே அந்த வால்கள். (தமிழில் ஒற்றைக் ககரம் எழுதினால் நம் நாக்கு அதை மென்மையாக்கிவிடும் என்பதற்காக ‘க்க’ என்று எழுதுகிறேன், அரபியில் அது ஒரே எழுத்துத்தான்.) நீங்கள் தேடிய ‘அன்த்த’ தன் உருவம் மாறி, ‘மா இஸ்முக்க’ என்பதன் கடைசி ‘க’வாக உட்கார்ந்திருக்கிறது. சேர்த்து வாசிக்கும்போது அது ‘மஸ்முக்க’ என்றே ஒலிக்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். காதில் விழும்போது திகைக்கமாட்டீர்கள்.

இதே ஐந்து வால்கள் இடைச்சொற்களோடும் ஒட்டும். ‘இந்த’ என்று தொண்டையிலிருந்து எழும் ஒரு சொல் அரபியில் உண்டு. இடம் என்றோ வசம் என்றோ பொருள். நம்முடைய சுட்டுச்சொல்லோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ஹல் இந்தக்க அலம்’ என்றால் உனக்கு வலி இருக்கிறதா என்று ஆணிடம் கேட்பது. பெண்ணிடம் ‘ஹல் இந்தக்கி அலம்’. உடைமையைச் சொல்ல அரபிக்கும் தனி வினை வேண்டியதில்லை, தமிழுக்கும் வேண்டியதில்லை.

வினைச்சொல்லோடு செயப்படுபொருளாக ஒட்டும்போது ஒன்றே ஒன்றுதான் மாறும்: ‘என்னை’ என்பதற்கு ‘ஈ’ வராது, ‘னீ’ வரும். உங்கள் தொழிலில் தினமும் கேட்கப்போகும் வாக்கியம் ஒன்றிலேயே இரண்டும் இருக்கின்றன. ‘ரஃஸீ யுஃலிமுனீ’ என்றால் என் தலை எனக்கு வலிக்கிறது. ‘ரஃஸ்’ என்ற பெயரில் ஈ. ‘யுஃலிமு’ என்ற வினையில் னீ. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால், பல பக்க விதிகளைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

இறந்தகால வினைக்கோ தமிழே துணை. குடித்தேன், குடித்தாய், குடித்தான், குடித்தாள் என்னும்போது நான், நீ என்று தனியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லையல்லவா? விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. அரபியிலும் அப்படியே: ஷரிப்த்து, ஷரிப்த்த, ஷரிப்த்தி, ஷரிப, ஷரிபத். முறையே குடித்தேன், ஆணிடம் குடித்தாய், பெண்ணிடம் குடித்தாய், குடித்தான், குடித்தாள். ‘மருந்தைக் குடித்தாயா’ என்ற கேள்வியில் ‘அன்த்த’ இல்லாமற்போனதற்கு இதுவே காரணம்.

நமக்குப் புதியது ஒன்றே. தமிழில் ஆண், பெண் வேறுபாடு படர்க்கையில் மட்டும் உண்டு. எதிரில் நிற்பவரிடம் ‘நீ’ என்று சொல்லும்போது அந்த வேறுபாடு இல்லை. அரபியில் முன்னிலையிலும் உண்டு. இந்த வேறுபாட்டை நாம் அறியாமலே காதால் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் புழங்கும் நூல்களிலும் இதழ்களிலும் நபித்தோழர்களின் பெயருக்குப் பின் (ரலி) என்று சுருக்கி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை விரித்துச் சொல்லும்போது ஆணுக்கு ‘ரலியல்லாஹு அன்ஹு’ என்றும், பெண்ணுக்கு ‘அன்ஹா’ என்றும் சொல்வார்கள். உதவிக்கு நன்றியாகச் சொல்லும் ‘ஜஸாக்கல்லாஹு கைரன்’ ஆணுக்குரியது. பெண்ணிடம் ‘ஜஸாக்கில்லாஹு கைரன்’ என்பதே முறை. தும்மியவர் இறைவனைப் புகழ்ந்தால் ஆணுக்கு ‘யர்ஹமுக்கல்லாஹ்’, பெண்ணுக்கு ‘யர்ஹமுக்கில்லாஹ்’. இவை வெறும் வாழ்த்துகளாக நாவில் ஓடுகின்றன. உள்ளே இருப்பது க, கி, ஹு, ஹா ஆகிய அதே வால்கள்தாம். இன்னொரு நுணுக்கமும் இங்கேயே கிடைக்கிறது. நபிமார்களின் பெயருக்குப் பின் ‘அவர்மீது சாந்தி உண்டாகட்டும்’ என்ற பொருளில் சொல்லும் ‘அலைஹிஸ்ஸலாம்’ என்பதில் ‘ஹு’ வராமல் ‘ஹி’ வந்திருப்பதைக் கவனியுங்கள்: முன்னால் இகரமோ ஐகார ஒலியோ வந்தால் ‘ஹு’ என்பது ‘ஹி’ ஆகும். ‘ஹா’ மாறாது, ஆகவே மர்யம் அவர்களுக்கு ‘அலைஹஸ்ஸலாம்’ என்கிறோம்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். முதியவரை ‘அன்த்த’ என்பது அரபியில் அவமரியாதை அன்று. இறைவனை இறைஞ்சும்போதும் அதே ‘அன்த்த’தான். மரியாதையை அவர்கள் விளிச்சொல்லில் ஏற்றுகிறார்கள். பெரியவரை ‘யா அம்மீ’ (சிற்றப்பா, பெரியப்பா முறை), மூத்த பெண்மணியை ‘யா காலத்தீ’ (சின்னம்மா, பெரியம்மா முறை) என்று அழைத்துவிட்டு, பிறகு ஒருமையிலேயே தொடரலாம். இந்த விளிகளின் கடைசியிலும் ‘என்’ என்ற ‘ஈ’ இருக்கிறது. முன்னிலைப் பன்மையாகிய ‘அன்த்தும்’ என்பதை ஒருவருக்கே மரியாதையாக வழங்குவது கடிதங்களிலும் சடங்குமுறைப் பேச்சிலும் உண்டு. கட்டிலருகே அது தேவைப்படாது. ஒருவரே எதிரில் நின்றாலும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று பன்மையில் சொல்வதைப் போன்றவற்றை வழக்காக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆம்பூர்க்காரன், ரியாத் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. நூல் அரபிக்கு அவைதாம் அடித்தளம். ஆனால் சகோதரி செய்தி வாசிக்கப் போகவில்லை, நோயாளியோடு பேசப் போகிறார். இங்கே சாதாரண மனிதர் எவரும் ‘இஸ்முக்க’ என்று சொல்வதில்லை. பேச்சில் பல சொற்களின் கடைசி உயிரொலி உதிர்ந்துவிடும். ‘அன்த்த’ என்பது ‘இன்த்த’ ஆகிறது, ‘அன்த்தி’ என்பது ‘இன்த்தி’; ‘ஹுவ’ என்பது ‘ஹுவ்வ’ என்றும், ‘ஹிய’ என்பது ‘ஹிய்ய’ என்றும் அழுத்தம் பெறுகின்றன. இவை எளிதில் பிடிபட்டுவிடும்.

சிக்கல் வால்களில்தான். நூல் வழக்கில் ஆணா பெண்ணா என்பதைக் ககரத்துக்குப் பின்னால் வரும் உயிர் சொல்கிறது: க, கி. பேச்சில் அந்த உயிர் ககரத்துக்கு முன்னால் போய்விடுகிறது: ‘இஸ்மக்’ என்றால் ஆண், ‘இஸ்மிக்’ என்றால் பெண். நலம் விசாரிக்கும்போது ஆணிடம் ‘கேஃப் ஹாலக்’, பெண்ணிடம் ‘கேஃப் ஹாலிக்’. வலி இருக்கிறதா என்பதற்கு ‘இந்தக் அலம்’, ‘இந்திக் அலம்’. சொல்லின் கடைசியையே காது எதிர்பார்த்துப் பழகிவிட்டால், நடுவில் வரும் அந்த அகர இகரம் நழுவிப்போகும். குவைத், பஹ்ரைன் பக்கத்து ஆள்கள் வந்தால் பெண்ணுக்குரிய ‘இக்’ என்பது ‘இச்’ என்று ஒலிக்கும், ‘இஸ்மிச்’ என்பார்கள். அது வேறு சொல்லோ என்று மலைக்க வேண்டாம். ‘ஹு’ என்பது ஊருக்கு ஊர் ‘அஹ்’ என்றும் ‘உஹ்’ என்றும் தேயும். ‘ஹா’ மட்டும் இங்கே பெரும்பாலும் தெளிவாகக் கேட்கும்.

மரியாதை பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எகிப்தியர்கள் ‘ஹள்ரித்தக்’ என்று ஆணுக்கும், ‘ஹள்ரித்திக்’ என்று பெண்ணுக்கும் சொல்வார்கள். ஏறத்தாழ நம் ‘தாங்கள்’. இங்குள்ள மருத்துவமனைகளில் எகிப்திய மருத்துவர்களோடு பணிபுரிய நேர்ந்தால் அது காதில் விழும். உள்ளூர் முதியவர்களுக்கு ‘யா அம்ம்’ என்பதே போதும்; மூத்த பெண்மணிக்கு ‘யா காலா’.

ஆகவே என் கருத்து: ‘அக்’, ‘இக்’ என்பதிலிருந்தே தொடங்குங்கள். நூல் வடிவங்களை அங்கே போய் ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்.

மேல்விஷாரம் ஆசிரியர் எழுதியது:

தம்பி சொல்வது நடைமுறைக்கு ஏற்றதுதான், ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. ‘அக்’, ‘இக்’ என்று மட்டும் கற்றவர் மருந்துச் சீட்டிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதியிருப்பதைப் படிக்கும்போது திணறுவார். நூல் வடிவம் தெரிந்தவருக்கோ, எகிப்தியர் பேசினாலும் குவைத்தி பேசினாலும் எந்த ஒலி எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும். ஒட்டும் வால்கள் ஐந்தே ஐந்து. அவற்றை நூல் வடிவில் கற்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. அதன்பிறகு தம்பி சொன்னபடி பேச்சுக்குப் போகட்டும்.

வேறொரு வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மதரஸாக்களில் ஒருமை, இருமை, பன்மை எல்லாம் சேர்ந்த பதினான்கு வடிவங்களையும் ‘ஹுவ’ என்று படர்க்கையிலிருந்து தொடங்கி, முன்னிலைக்கு வந்து, ‘அன, நஹ்னு’ (நான், நாம்) என்று தன்மையில் முடிப்போம். வினையின் அடிப்படை வடிவம் படர்க்கை ஆண்பால் ஒருமையில் அமைவதால் இலக்கணம் கற்பவர்களுக்கு அது பொருத்தமான வரிசை. செவிலியருக்கு அது பொருந்தாது. நீங்கள் முன்னிலையில் தொடங்குங்கள். இருமையையும் பன்மையையும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

வாணியம்பாடி வாசகி எழுதியது:

‘அது’ பற்றியும் உருது பற்றியும் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தாய்மொழி உருது. தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு. அரபியை வளர்ந்த பிறகே முறையாகக் கற்றேன்.

அரபியில் அஃறிணை என்ற பகுப்பே கிடையாது. உயிருள்ளது, உயிரற்றது எதுவானாலும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோதான் இருக்கும். ஆகவே தமிழில் ‘அது’ என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் ‘ஹுவ’வா ‘ஹிய’வா என்று முடிவு செய்தாக வேண்டும். நல்ல வேளையாகச் சொல்லின் இறுதி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வட்டமாக முடிந்து மேலே இரு புள்ளிகளைத் தாங்கிய ‘தா மர்பூத்தா’ என்ற எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ஊசியாகிய ‘இப்ரா’, மாத்திரையாகிய ‘ஹப்பா’, அறையாகிய ‘குர்ஃபா’ மூன்றும் அப்படி முடிபவை, மூன்றுக்கும் ‘ஹிய’. கட்டிலாகிய ‘ஸரீர்’ ஆண்பால், ‘ஹுவ’. மருத்துவமனையாகிய ‘முஸ்தஷ்ஃபா’ காதுக்குப் பெண்பால்போல ஒலித்தாலும் அந்த எழுத்தில் முடிவதில்லை; அது ஆண்பால். உடலில் இரட்டையாக அமைந்த உறுப்புகளில் கை, கால், கண், காது ஆகியவை எந்த அடையாளமும் இல்லாமலே பெண்பால். தலையும் இதயமும் ஆண்பால்.

உருது கைகொடுக்குமா என்றால், சொற்களைப் பொறுத்தவரை கைகொடுக்கும்; பாலைப் பொறுத்தவரை காலை வாரிவிடும். முதலாவதாக, எங்கள் ‘வோ’ என்பது அவன், அவள், அது மூன்றுக்கும் பொது. ஆணா பெண்ணா என்பதை வினைதான் சொல்லும். ஆகவே உருதுக்காரர்களுக்கு ‘ஹுவ’, ‘ஹிய’ பிரித்துச் சொல்வதே தனிப் பழக்கம். ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்லி வளர்ந்த தமிழருக்கு அது இயல்பாக வரும். இரண்டாவதாக, அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த பல சொற்கள் வந்த இடத்தில் பால் மாறிவிட்டன. ‘கிதாப்’ எங்களுக்குப் பெண்பால். ‘மேரீ கிதாப்’ என்போம். அரபியில் அது ஆண்பால். உங்களுக்கு நேரடியாகத் தொல்லை தரப்போவது மருந்து: உருதுவில் ‘தவா’ பெண்பால், அரபியில் ‘தவாஃ’ ஆண்பால். ஆம்பூர் நோயாளிகளிடம் மருந்தைப் பெண்பாலில் சொல்லிப் பழகிய நாக்கு, அங்கேயும் ‘ஹிய’ என்றே புரளும். அங்கு ‘ஹுவ’ என்று சொல்ல வேண்டும்.

அதோடு முடிந்துவிடவில்லை. மனிதரல்லாதவற்றின் பன்மைக்கு அரபியில் பெண்பால் ஒருமையே வரும். ஒரு மருந்து ‘ஹுவ’. பல மருந்துகள், அதாவது ‘அத்விய’ என்றால் ‘ஹிய’. மருந்துகளை எடுத்துக்கொண்டாரா, அவற்றை எங்கே வைத்தார் என்று பேசும்போது ‘அவற்றை’ என்பதற்கும் ‘ஹா’ என்ற அதே ஒருமை வால்தான். நீங்கள் ஒருமையை மட்டும் படித்துக்கொண்டு போனாலும், பொருள்களைப் பொறுத்தவரை பன்மையையும் அதிலேயே சமாளித்துவிடலாம் என்பது இதில் உள்ள வசதி.

குடியாத்தம் செவிலி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும், ரியாத் அண்ணனுக்கும், வாணியம்பாடி அக்காவுக்கும் மிக்க நன்றி. மருந்தின் பால் மாறுவது எனக்குத் தெரியவே தெரியாது; உருதுவை நம்பி ‘ஹிய’ என்றுதான் பயிற்சி செய்திருப்பேன்.

ஐயா கொடுத்த வாக்கியத்தை வைத்து, கை வலிக்கிறது என்பதைப் புத்தகத்தில் தேடினேன். ஓர் ஆண் நோயாளி ‘யதீ துஃலிமுனீ’ என்று சொல்வதாக இருக்கிறது. தலைக்கு ‘யு’ என்று தொடங்கிய வினை கைக்கு ‘து’ என்று தொடங்குகிறது. கை பெண்பால் என்று அக்கா சொன்னதால் அது புரிகிறது. ஆனால் வேறொரு பக்கத்தில், ஆணிடம் ‘நீ குடிக்கிறாய்’ என்பதற்கும் ‘தஷ்ரபு’, ‘அவள் குடிக்கிறாள்’ என்பதற்கும் ‘தஷ்ரபு’ என்று ஒன்றையே போட்டிருக்கிறார்கள். இது அச்சுப்பிழையா?

மேல்விஷாரம் ஆசிரியர் எழுதியது:

அச்சுப்பிழை அன்று. நிகழ்கால வினையில் ஆணாகிய ‘நீ’க்கும், ‘அவள்’ என்பதற்கும் வடிவம் ஒன்றே. பெண்ணிடம் பேசும்போது மட்டும் ‘தஷ்ரபீன’ என்று நீண்டு தனித்து நிற்கும். பெரும்பாலும் இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும்; விளங்காத இடத்தில்தான் நீங்கள் முதலில் மனப்பாடம் செய்த தனிச்சொற்கள் வேலைக்கு வருகின்றன. ‘அன்த்த தஷ்ரபு’ என்றால் நீ குடிக்கிறாய். ‘ஹிய தஷ்ரபு’ என்றால் அவள் குடிக்கிறாள். தம்பி சொன்ன பேச்சுவழக்கிலும் இப்படி ஓர் இடம் உண்டு: கடைசி உயிர் உதிர்ந்துவிடுவதால் ‘ஷரிப்த்து’, ‘ஷரிப்த்த’ இரண்டுமே ‘ஷரிப்த்’ என்று ஒலிக்கும்; குடித்தேன் என்பதா, ஆணிடம் குடித்தாய் என்பதா என்று ஒலியை வைத்துப் பிரிக்க முடியாது. ஆகவே ஆண் நோயாளியிடம் மருந்து குடித்ததை உறுதிப்படுத்திக்கொள்ளும்போது ‘இன்த்த’ என்பதை முன்னால் வைத்தே கேளுங்கள்.